ஆந்தைக் காசுக்கு மூலப்பத்திரம் இருக்கிறதா?

கிரீஸ் நாட்டு ஒரு யூரோ நாணயம் எப்போதாவது கைக்கு வந்தால் திருப்பிப் பாருங்கள். ஓர் ஆந்தை உங்களையே முறைத்துக்கொண்டு நிற்கும். உடம்பு பக்கவாட்டில், முகம் மட்டும் நேராக. முதுகுக்குப் பின்னால் ஒலிவ மரத்தின் சின்னக் கொத்து ஒன்று. இது இப்போது யாரோ புதிதாக வரைந்த படமில்லை. ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன்னால் ஏதென்ஸ் நகரம் அடித்து வெளியிட்ட வெள்ளிக்காசின் பின்பக்கத்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அந்த மூலக்காசு இன்றும் கிடைக்கிறது. மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்க மட்டுமில்லை, விலைக்கே கிடைக்கிறது. நான்கு திராக்மா மதிப்பு என்பதால் டெட்ராட்ராக்ம் என்று பெயர். எடை சுமார் 17.2 கிராம், நம் கணக்கில் இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் கூட. இன்றைய நாணயம் போலத் தட்டையாகவோ சீரான வட்டமாகவோ இருக்காது. தடித்து, ஓரம் பிதுங்கி, இங்கொன்றும் அங்கொன்றுமாக விரிசல் விட்டு, அச்சுவெல்லத் துண்டு ஒன்றை அமுக்கிவைத்த மாதிரி இருக்கும். ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட அதீனா தெய்வம். மறுபக்கம் அவளுடைய ஆந்தை, பக்கத்தில் ஊர்ப்பெயரின் முதல் மூன்று எழுத்து. ஓரளவு நல்ல நிலையில் உள்ள ஒன்றைச் சில நூறு டாலரிலிருந்து ஆயிரம், இரண்டாயிரம் டாலருக்குள் வாங்கிவிடலாம்.

இந்த ஆந்தைக்கு ஓர் அண்ணன் உண்டு. பத்து திராக்மா காசு, அதாவது டெக்காட்ராக்ம். அதே ஊர், அதே வெள்ளி, அதே தெய்வம், ஏறக்குறைய அதே காலம். எடை 43 கிராமுக்கு அருகில். இதில் ஆந்தை பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கவில்லை. நேருக்கு நேர் நின்று இரண்டு சிறகையும் விரித்திருக்கிறது. எடை இரண்டரை மடங்கு, ஆகவே விலையும் இரண்டரை மடங்கு என்று யாராவது கணக்குப் போட்டால் ஏலக்காரர் சிரித்துவிடுவார். இதன் விலை பல லட்சம் டாலரில் பேசப்படுவது.

ஏன் என்பதுதான் கேள்வி. பழசு, அதனால் விலை என்பது பதிலாகாது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வயது. வெள்ளி என்பதும் பதிலாகாது. அவுன்ஸ் 30 டாலர் என்று வைத்துக்கொண்டால் 43 கிராம் வெள்ளிக்கு 41, 42 டாலர்தான் தேறும். அரிது என்பது பாதிப் பதில். மீதிப் பாதி, நம்மூரில் மனை வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வியில் இருக்கிறது: மூலப்பத்திரம் எங்கே?

சின்ன ஆந்தை ஏன் மலிவு என்பதிலிருந்து தொடங்கலாம். ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே லாரியம் என்ற சுரங்கப்பகுதி இருந்தது. ஈயத்தோடு கலந்த வெள்ளித் தாது. ஆள் நிமிர முடியாத குடைவுகளுக்குள் அடிமைகள் வெட்டி எடுத்தார்கள். கி.மு. 483 வாக்கில் அங்கே ஒரு வளமான படிவு கிடைத்தது. வந்த வெள்ளியைக் குடிமகனுக்குத் தலைக்குப் பத்து திராக்மா என்று பங்குபோட்டுக்கொள்ளலாம் என்று ஊரில் பேச்சு இருந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். தெமிஸ்டோக்ளீஸ் என்ற தலைவர் குறுக்கே விழுந்து, வேண்டாம், போர்க்கப்பல் கட்டுவோம் என்றார். மூன்று ஆண்டில் பாரசீகர்கள் வந்தார்கள். கி.மு. 480-இல் சலாமிஸ் கடலில் அவர்களை மடக்கியது அந்தக் கப்பல்கள்தான். இலவசத்துக்கும் திட்டத்துக்கும் நடந்த சண்டை நமக்குப் புதிதில்லை. அதில் திட்டம் ஜெயித்தது கொஞ்சம் புதிது.

போருக்குப் பிறகு ஏதென்ஸ் ஒரு கடல் பேரரசாக மாறியது. கூட்டாளி ஊர்கள் கட்டிய கப்பமும் லாரியத்து வெள்ளியும் சேர்ந்து ஆந்தையாக அடிக்கப்பட்டன, அதுவும் லட்சக்கணக்கில். தேர்ந்த கைவினைஞருக்கு ஒரு நாள் கூலி ஒரு திராக்மா இருந்த காலம் அது; ஆக, ஓர் ஆந்தை என்றால் நான்கு நாள் உழைப்பு. எகிப்தில் தானியம் வாங்கவும், கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்கவும் இதுதான் போனது. ஆப்கானிஸ்தான் வரை புதையல்களில் கிடைத்திருக்கிறது. எகிப்தில் இதைப் பார்த்து அதே மாதிரி உள்ளூரிலேயே அடித்துக்கொண்டார்கள். பழகிய முகத்தைத்தான் வெளியூர்க்காரன் நம்பி வாங்குவான் என்பதால் ஏதென்ஸும் நெடுநாள் வடிவத்தை மாற்றவே இல்லை. சிற்பக்கலை எங்கேயோ போய்விட்ட பிறகும், காசில் இருந்த அதீனா மட்டும் பழைய பாணியில் பாதாம் வடிவக் கண்ணோடும் உதட்டோரச் சிரிப்போடும் அப்படியே இருந்தாள்.

இவ்வளவு அடித்ததால் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது. இன்னமும் மண்ணிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. 2010களின் பிற்பகுதியில் பெரிய புதையல் ஒன்றைச் சேர்ந்தவை என்று கருதப்படும் ஆந்தைகள் கூட்டம் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. புத்தம்புதிதாகப் பளபளத்தன. விலை மளமளவென்று இறங்கியது. அதற்கு முன்பு நல்ல விலை கொடுத்து வாங்கியவர்கள் வயிறெரிந்ததைச் சொல்லவேண்டியதில்லை.

இப்போது அண்ணன் ஆந்தை. ஏதென்ஸ் பத்து திராக்மா காசை ஏன் அடித்தது என்பதில் அறிஞர்களுக்குள் நெடுநாள் வழக்கு. பாரசீகரோடு நடந்த மாரத்தான் போரின் வெற்றிக்கு என்றார்கள், சலாமிஸ் வெற்றிக்கு என்றார்கள். அன்றாடச் செலவுக்கு இல்லை என்பது மட்டும் தெளிவு. பத்து நாள் கூலியை ஒரே காசாக வைத்துக்கொண்டு யாரும் மீன் வாங்கப் போகமாட்டார்கள். 1984 வரை உலகம் முழுவதும் பதின்மூன்றே பதின்மூன்று தெரிந்திருந்தன.

அந்த ஆண்டு துருக்கியின் தென்மேற்கில், அந்தல்யா மாகாணத்து எல்மாலி ஊருக்குப் பக்கத்தில், உலோகம் கண்டறியும் கருவியோடு போன சிலருக்கு ஒரு புதையல் அகப்பட்டது. சுமார் 1,900 வெள்ளிக்காசு. அதற்குள் பதினான்கு ஏதென்ஸ் டெக்காட்ராக்ம்! உலகத்துக்கே தெரிந்த எண்ணிக்கையைவிட ஒரு பானைக்குள் இருந்தது கூடுதல். துருக்கிச் சட்டப்படி அது அரசுக்குச் சொந்தம். ஆனால் காசு நாட்டைவிட்டு வெளியேறி, ஐரோப்பா வழியாக அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு கோடீசுவரரும் கூட்டாளிகளும் 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துப் பெரும்பகுதியை மொத்தமாக வாங்கினார்கள். 'நூற்றாண்டின் புதையல்' என்று வியாபாரிகளே பெயர் வைத்துவிட்டதால் விஷயம் வெளியே கசிந்தது. துருக்கி 1989-இல் பாஸ்டன் நீதிமன்றத்துக்குப் போனது. பத்து ஆண்டு இழுத்த பிறகு 1999-இல் காசுகள் துருக்கிக்குத் திரும்பின.

இதில் நான் கவனிக்கச் சொல்வது வழக்கை அல்ல. அந்தப் பானை ஓரளவாவது ஒன்றாக இருந்து ஆய்வாளர்கள் பார்வைக்கு வந்ததால்தான், டெக்காட்ராக்மோடு வேறு எந்த ஊர்க் காசுகள் புதைந்திருந்தன, எது தேய்ந்திருந்தது, எது புதிதாக இருந்தது என்று ஒப்பிட முடிந்தது. மாரத்தானும் இல்லை, சலாமிஸும் இல்லை, அவற்றுக்குப் பிந்திய கி.மு. 460களில் அடித்தது என்று காலத்தை முடிவுசெய்ய அது உதவியது. ஒரு காசைத் தனியாக எடுத்துக் கழுவித் துடைத்துத் தட்டில் வைத்தால் அது அழகான வெள்ளித் துண்டு. பக்கத்தில் எது கிடந்தது என்று தெரிந்தால்தான் வரலாறு. சந்தை முதலாவதற்குப் பணம் கொடுக்கிறது. இரண்டாவது, வழியிலேயே தொலைந்துபோகிறது.

சரி, ஒரே வகைக் காசுக்குள்ளேயே விலை ஏன் ஏறி இறங்குகிறது? இதற்குக் காசடித்த விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தலைப்பக்கத்து அச்சு பட்டடைக்கல்லில் பதித்திருக்கும். அதன்மேல் சூடான வெள்ளிவில்லையை வைத்து, பின்பக்கத்து அச்சு செதுக்கிய உளியை அதன்மேல் பிடித்து, சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். எல்லாம் கைவேலை. வில்லை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் படம் ஓரத்துக்குப் போய்விடும். அதீனாவின் கவசத்துக்கு மேலே குதிரைமயிர்க் கொண்டை ஒன்று உண்டு. பெரும்பாலான காசுகளில் அது வில்லைக்கு வெளியே விழுந்து காணாமல் போயிருக்கும். கொண்டை முழுதாகப் பதிந்த ஆந்தை வந்தால் ஏலத்தில் போட்டி தனி. அந்த அரை அங்குல மயிர்க்கொண்டைக்காகவே விலை இரண்டு, மூன்று மடங்கு போகும்.

அச்சின் நிலை அடுத்தது. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் அடித்து மழுங்கிய அச்சிலிருந்து வந்த காசும், முதல்நாள் கூரோடு இருந்த அச்சிலிருந்து வந்ததும் ஒன்றாகா. அப்புறம் உலோகம். மண்ணுக்குள் இருந்த வெள்ளி சில சமயம் உள்ளுக்குள் படிகமாகி நொறுங்கத் தொடங்கும்; கீழே போட்டால் பிஸ்கட் போல உடையும். மேலே உப்புமண் அரித்த குழிகள் இருக்கலாம். யாராவது ஆசையாக அமிலத்தில் போட்டுத் தேய்த்துப் 'புதிதாக்கி' இருந்தால் போச்சு. பாட்டி வைத்திருந்த பித்தளை விளக்கைத் தேய்த்துவைப்பது புண்ணியம். பழங்காசைத் தேய்ப்பது பாவம்.

வெட்டுத் தழும்பு என்று ஒன்று இருக்கிறது. எகிப்திலும் சிரியாவிலும் ஆந்தையை வாங்கியவர்கள் உளியால் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தார்கள், உள்ளே செம்பா வெள்ளியா என்று. நம் ஆசாரி உரைகல்லில் தேய்ப்பது போலத்தான், கொஞ்சம் முரட்டுத்தனமாக. ஏனென்றால் செம்பு வில்லைக்கு வெள்ளித் தகடு போர்த்திய போலிகள் அந்தக் காலத்திலேயே புழக்கத்தில் இருந்தன. ஸ்பார்ட்டாவோடு நடந்த பெலோபொன்னேசியப் போரின் கடைசியில் கஜானா காலியானபோது ஏதென்ஸ் அரசே அப்படிப்பட்ட காசை வெளியிட்டது.

1970-இல் ஏதென்ஸின் பழைய சந்தைவெளியில் தோண்டியபோது ஒரு கல்வெட்டு கிடைத்தது. கி.மு. 375-ஆம் ஆண்டைச் சேர்ந்த சட்டம். காசு பரிசோதிக்கும் ஆள் ஒருவர் சந்தையில் காசுக்கடை மேசைகளுக்கு நடுவே உட்கார வேண்டும். அவர் அரசாங்க அடிமை. உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அங்கேயே வெட்டி, தெய்வங்களின் தாய்க்குக் காணிக்கையாக்கிவிட வேண்டும். சரியான காசை வாங்க மறுக்கும் வியாபாரியின் அன்றைய சரக்கே பறிமுதல். காசை நம்புவதற்கு அன்றைக்கும் ஒரு மூன்றாம் ஆள் தேவைப்பட்டிருக்கிறார். இன்று அந்த மேசையில் தரச்சான்று நிறுவனங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அடித்த நேர்த்திக்கு ஐந்துக்கு எத்தனை, மேற்பரப்புக்கு ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தருகிறார்கள். அமெரிக்கர்களுக்கு அது பிடிக்கிறது. ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் பலர் பெட்டியை உடைத்துக் காசை வெளியே எடுத்துவிடுகிறார்கள். கையில் படாத காசு என்ன காசு என்பது அவர்கள் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

ஏதென்ஸை விட்டுச் சிசிலித் தீவுக்குப் போனால் விலையின் இன்னொரு காரணம் தெரியும். நகைக்கடையில் தங்கத்தின் விலைக்கு மேல் செய்கூலி என்று ஒன்று போடுவார்கள் இல்லையா, அது. சிசிலியின் கிரேக்க ஊர்கள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் அச்சுவெட்டும் கலையில் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டன. சிராக்கூஸ் நகரத்துப் பத்து திராக்மா காசில் ஒரு பக்கம் நாற்குதிரைத் தேர் பாய்கிறது. மேலே வெற்றித்தேவதை பறந்து வந்து சாரதிக்கு மாலை நீட்டுகிறாள். கீழே பரிசாக வைத்த மார்புக்கவசமும் கேடயமும். மறுபக்கம் அரெத்தூசா என்ற நீரூற்றுத் தேவதையின் முகம், சுற்றிலும் நான்கு டால்பின்கள். இதை வெட்டியவர்கள் கிமோன், எவைனெட்டோஸ். பெயர் எப்படித் தெரியும்? கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தேவதையின் நெற்றிப்பட்டையில், டால்பின் உடம்பில், பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் அளவுக்குச் சின்ன எழுத்தில். அரசாங்கக் காசில் ஆசாரி தன் பெயரைப் பொறித்தால் விடுவார்களா? சிராக்கூஸில் விட்டார்கள்.

எவைனெட்டோஸ் பாணிக் காசுகள் எண்ணிக்கையில் அவ்வளவு அரிதில்லை. ஏலங்களில் அடிக்கடி தலைகாட்டும். ஆனாலும் பத்தாயிரக்கணக்கான டாலருக்குக் குறையாது. அரிது என்பது பாதிப் பதில் என்று முன்னால் சொன்னது இதனால்தான். கிரேக்க ஊர்கள் சில வெளியிட்ட சின்னக் காசுகளில் உலகத்தில் மூன்றோ நான்கோதான் தெரியும் என்ற வகைகள் உண்டு. கேட்க நாதியில்லாமல் இருநூறு டாலருக்குப் போகும். அரிதாக இருப்பது மட்டும் போதாது, நாலு பேர் ஆசைப்படவும் வேண்டும்.

அரிது என்பதும் ஆசையும் ஒன்றாகச் சேர்ந்த இடம் சிசிலியின் அக்ராகஸ், இன்றைய அக்ரிஜென்டோ. அந்த ஊர் கி.மு. 406-இல் கார்த்தேஜ் படையிடம் வீழ்ந்தது. அதற்குச் சற்று முன்னால் அது அடித்த டெக்காட்ராக்மில், இறந்த முயலின்மேல் இரண்டு கழுகுகள் நிற்கின்றன. ஒன்று கழுத்தை உயர்த்தி வாய்திறந்து கத்துகிறது, மற்றது குனிந்து கொத்தத் தயாராகிறது. பின்னால் ஓரத்தில் ஒரு வெட்டுக்கிளி. மறுபக்கம் வானத்தில் ஓடும் தேர், கீழே ஊர்ச்சின்னமான நண்டு. விரல்விட்டு எண்ணும் அளவுதான் மிஞ்சியிருக்கின்றன, பலவும் மியூசியங்களில். 2012-இல் ஜெனீவாவில் ஒன்று ஏலத்துக்கு வந்து 20 லட்சம் சுவிஸ் பிராங்கைத் தாண்டிப் போனது.

விலையே சொல்ல முடியாதவையும் உண்டு. சிராக்கூஸை ஆண்ட ஹியரோன் எட்னா எரிமலையின் அடிவாரத்தில் அய்ட்னா என்ற ஊரை உண்டாக்கினான். அவன் குலத்தின் ஆட்சி முடிந்ததும், கி.மு. 461 வாக்கில், குடியேறியவர்களை விரட்டிவிட்டார்கள். அந்தச் சில ஆண்டுகளில் அடித்த நான்கு திராக்மா காசு ஒன்றே ஒன்று, பிரஸ்ஸல்ஸ் அரச நூலகத்தில் இருக்கிறது. மதுத்தெய்வத்தின் தோழனான வழுக்கைத்தலை சிலேனஸ், கழுத்துக்குக் கீழே எட்னா மலைக்குப் பேர்போன ஒரு வண்டு. ஏலத்துக்கு வரப்போவதில்லை, ஆகவே விலையும் இல்லை.

இனி ஏலக்கூடத்துக்குள் போவோம். சூரிக், ஜெனீவா, மியூனிக், லண்டன், நியூயார்க் என்று இந்த வியாபாரம் நடக்கும் ஊர்கள் கொஞ்சமே. கேட்லாக்கில் போட்டிருக்கும் மதிப்பீட்டைப் பார்த்து ஏமாறக்கூடாது. கூட்டம் சேர வேண்டும் என்பதற்காகவே குறைத்துப் போடுவார்கள். ஐந்தாயிரம் என்று போட்டது முப்பதாயிரத்தில் முடிவது சாதாரணம். சுத்தியல் தட்டிய விலையோடும் முடியாது. வாங்குபவர் கமிஷன் என்று இருபது சதவீதமோ அதற்கு மேலோ தனியே சேரும்; நாட்டைப் பொறுத்து வரியும் உண்டு. செய்தித்தாளில் 'இத்தனை லட்சத்துக்கு விற்றது' என்று வரும்போது கமிஷன் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பழங்காசில் இதுவரையிலான பெரிய விலையாகப் பேசப்படுவது 2023-இல் சூரிக்கில் போன பாண்டிகாபயோன் தங்கக்காசு. கமிஷனோடு 60 லட்சம் டாலரை ஒட்டியது. கருங்கடல் கரைக் கிரேக்க ஊரின் காசு அது. சோவியத் அரசு 1930களில் எர்மிடாஜ் மியூசியத்திலிருந்து எடுத்து விற்ற காசு என்பதால், பூர்வீகத்தில் யாரும் குறைசொல்ல முடியாது.

வெள்ளிக்கும் வெள்ளிக்காசுக்கும் உள்ள தூரத்தைச் சொல்ல நெல்சன் பங்கர் ஹன்ட் கதையைவிடப் பொருத்தமானது இல்லை. டெக்சாஸ் எண்ணெய்க் குடும்பம். அவரும் தம்பியும் 1970களில் உலகத்து வெள்ளியை வாங்கிக் குவித்தார்கள். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரைத் தொட்டது. பிறகு இறங்கிவந்து, மார்ச் 27-ஆம் தேதி ஒரே நாளில் இன்னும் சரிந்து 11 டாலருக்கும் கீழே போனது. 'வெள்ளி வியாழன்' என்று இன்றும் பெயர். கடைசியில் திவால். ஆனால் அதே சகோதரர்கள் பழங்காசும் வாங்கி வைத்திருந்தார்கள். கடனடைக்க 1990-இல் நியூயார்க்கில் சோதபீஸ் நிறுவனம் அவற்றை ஏலம் விட்டபோது, ஏதென்ஸ் டெக்காட்ராக்ம் ஒன்று ஐந்து லட்சம் டாலரைத் தாண்டியது. அன்றைய விலையில் அதற்குள் இருந்த வெள்ளி ஏழு டாலர்கூடப் பெறாது. உலகத்து வெள்ளியையெல்லாம் வளைக்கப் பார்த்தவருக்குக் காப்பாற்றிக் கொடுத்தது உள்ளங்கை அளவு வெள்ளி.

ஹன்ட் வாங்கிய காலத்தில் 'எங்கிருந்து வந்தது' என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இப்போது அதுதான் முதல் கேள்வி. கலாசாரப் பொருள்களின் சட்டவிரோதக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் வந்தது. அமெரிக்கா 2007-இல் சைப்ரஸ் காசுகளுக்கும், 2011-இல் இத்தாலி, கிரீஸ் காசுகளுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு போட்டது. சிசிலிக் காசு ஒன்று அமெரிக்காவுக்குள் போக வேண்டுமானால், தடை வருவதற்கு முன்பே அது இத்தாலியைவிட்டு வெளியேறியிருந்தது என்று காட்ட வேண்டும். நிலத்துக்கு வில்லங்கச் சான்று கேட்பது போல.

அந்தச் சான்று எங்கே கிடைக்கும்? பழைய கேட்லாக்கில். சாமுவேல் போட்ஸி என்று பாரீஸில் ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். சிவப்பு அங்கியில் ஓவியர் சார்ஜென்ட் வரைந்த அவருடைய ஓவியம் பிரசித்தம். 1918-இல் பழைய நோயாளி ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார். அவர் சேர்த்துவைத்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் காசுகள் 1921-இல் சுவிட்சர்லாந்தில் ஏலம் போயின. அந்த ஏலத்தின் கேட்லாக்கில் ஒவ்வொரு காசையும் பிளாஸ்டரில் அச்செடுத்துப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். இன்று 'போட்ஸி தொகுப்பு, 1921' என்ற ஒரு வரி சேர்ந்தால் காசின் விலை கண்ணெதிரே ஏறும்.

இதனால் ஒரு புதுத் தொழிலே கிளம்பியிருக்கிறது. கையால் அடித்த காசு என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஓரத்தின் வளைவும் விரிசலும் தனி; கைரேகை மாதிரி. கையிலிருக்கும் காசின் படத்தை வைத்துக்கொண்டு, நூறாண்டு கேட்லாக்குகளின் மங்கிய பக்கங்களைப் புரட்டிப் பொறுமையாகத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். இதே விரிசல், ஆறு மணித் திசையில் இதே பிதுக்கம், அதீனாவின் கன்னத்தில் இதே கீறல். பொருந்திவிட்டால் நேற்றுவரை அநாதையாக இருந்த காசுக்கு 1920கள் வரை குலமுறை வந்துவிடும். இப்போது கணினியையும் இதற்குப் பழக்குகிறார்கள். காசில் ஓர் அணுவும் மாறவில்லை. கூட ஒரு காகிதம் சேர்ந்தது, அவ்வளவுதான்.

காகிதத்துக்கு விலை வந்தால் கள்ளக் காகிதமும் வரும். 2020 அக்டோபரில் லண்டனில் ஓர் ஏல நிறுவனம், சீசர் கொலையைக் கொண்டாடி புரூட்டஸ் அடித்த ரோமானியத் தங்கக்காசை 32 லட்சம் பவுண்டுக்கு மேல் விற்றது. சுவிஸ் பிரபு ஒருவரின் பழைய தொகுப்பிலிருந்து வந்ததாகக் கேட்லாக்கில் போட்டிருந்தது. அது பொய் என்று தெரியவந்து, 2023 ஜனவரியில் நிறுவனத்தின் உரிமையாளர் நியூயார்க்கில் கைதானார். பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார். காசு அந்த மார்ச்சிலேயே கிரீஸுக்குத் திருப்பித் தரப்பட்டது. பேப்பரில் எல்லாம் தங்கக்காசைத்தான் எழுதினார்கள். அதே வழக்கில் இன்னொரு காசும் இருந்தது: சிசிலியின் நக்ஸோஸ் ஊர் வெளியிட்ட வெள்ளிக்காசு, ஒரு பக்கம் மதுத்தெய்வம் டயோனிசஸ், மறுபக்கம் கோப்பையோடு தரையில் உட்கார்ந்திருக்கும் சிலேனஸ். அந்தக் காசு அசல், அதில் சந்தேகமில்லை. அதன் பூர்வீகம்தான் போலி.

இதற்கு நேர் எதிரான கூத்து 2012 ஜனவரியில் நடந்தது. நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் நாணயக் கண்காட்சி. கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர், காசு வியாபாரமும் பார்ப்பவர், சிசிலியின் அரிய வெள்ளிக்காசுகளை வைத்துக்கொண்டு, ஆவணம் எதுவும் கிடையாது, சில ஆண்டுக்கு முன்னால் தோண்டியெடுத்தது என்று வாங்க வந்தவரிடம் சொன்னார். வந்தவர் போலீஸின் ஆள். திருட்டுச் சொத்து வழக்கு. அப்புறம் காசுகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அத்தனையும் இந்தக் காலத்துப் போலி! திருட்டுப் பொருள் என்று நம்பியே வைத்திருந்தார். அது திருட்டுப் பொருளாகக்கூட இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதால் எழுபது மணி நேரச் சமூக சேவையோடு, ஆவணமில்லாத காசு வியாபாரத்தின் ஆபத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும்படியும் தண்டனை.

போலி அடிப்பதும் பழைய தொழில்தான். 1830-இல் இறந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்ற ஜெர்மானியர் தானே அச்சு வெட்டி நூற்றுக்கணக்கான கிரேக்க, ரோமானியக் காசுகளை 'உருவாக்கினார்'. புதுக்காசு பழசாகத் தெரிய வேண்டுமே. இரும்புத்தூள் நிறைந்த பெட்டியில் காசுகளைப் போட்டு, குதிரைவண்டியின் அச்சில் கட்டி, ஊரைச் சுற்றி ஓட்டுவாராம். பெரியவர்களைக் காற்றாட அழைத்துப்போகிறேன் என்பாராம். இன்று பெக்கர் போலிகளையே தேடிச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

நம்மூருக்கும் இதில் ஒரு சின்ன வாசல் உண்டு. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் ரோமானியக் காசுகளோடு கிரேக்க ஊர்களின் காசுகளும் கிடைத்திருக்கின்றன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைப் படத்தோடு பதிப்பித்தார். இந்தியச் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய காசு தொல்பொருள். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கண்டெடுத்தால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தப் பத்து ரூபாய் இன்னமும் பத்து ரூபாயாகவே இருக்கிறது.

கடைசியாக, ஆந்தைக் குடும்பத்தின் கடைக்குட்டி. ஒரு திராக்மாவில் ஆறில் ஒரு பங்கு, ஓபோல் என்று பெயர். முக்கால் கிராம்கூட எடை தேறாது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அதிலும் அதே அதீனா, அதே ஆந்தை, அதே மூன்று எழுத்து. பை வைத்துத் தைக்காத உடுப்பு என்பதால், சந்தைக்குப் போகும் ஏதென்ஸ்காரர் இதைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு போவாராம். இறந்தவர் வாயிலும் ஓர் ஓபோலை வைத்தார்கள், மறுகரைக்கு ஓடம் தள்ளும் சாரோனுக்குக் கூலியாக. நம் வீடுகளில் நெற்றியில் ஒற்றை ரூபாயை ஒட்டிவைப்போமே, அதுபோல. இன்று நூறு, நூற்றைம்பது டாலருக்கு இணையத்தில் கிடைக்கும், தபாலிலேயே வந்துவிடும். கூடவே வரும் சின்ன அட்டையில் எடையும் காலமும் எழுதியிருக்கும். யார் வாயிலிருந்து எடுத்தது என்று எழுதியிருக்காது.